கூடுமிடம்

வால்விஸ் பே துறைமுகத்தில்
மீன் உறையவைக்கும் கூடம்.
வருடத்தில் முக்கால்வாசி நாள்
காற்று கடலிலிருந்துதான் வரும்.
அதை நம்பி
கடல் பக்கச் சுவரோரம்
பச்சைப் பலகை நட்டார்கள்:
கூடுமிடம்.
ஒத்திகை மணி அடிக்கும்போதெல்லாம்
ரப்பர் பூட்ஸ் சளசளக்க அங்கே போய்
பெயர் கேட்டு, கை தூக்கி,
சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

ஜூலையில் சில நாள் மட்டும்
பாலைவனம் வாயைத் திறக்கும்.
கீழ்க்காற்று.
கொண்டல் என்று சொன்னால்
நீங்கள் மழையை நினைத்துக்கொள்வீர்கள்.
இது கொண்டுவருவது மணல்,
பல்லிடுக்கில் நெறுநெறுக்கும் வெயில்.

அப்படியொரு நாள், பத்தேகால் மணிக்கு
இயந்திர அறைக்குப் பின்னால்
ஒரு வால்வு கழுத்தோடு கழன்றது.

முதலில் கண்டுபிடித்தது மூக்கு.
பிறகு கண், பிறகு தொண்டை.
அமோனியா
மேலே போகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.
அது பால் சிந்தியது போல
தரையோடு தரையாக வந்தது,
குளிர்ந்து, வெள்ளையாக,
அவசரமே இல்லாமல்.

பெனஹாஃபோ, வரிசை மேற்பார்வையாளர்,
கையில் வருகைப் பதிவேட்டோடு வெளியே வந்தாள்.
பதினோரு ஒத்திகையின் பழக்கம்:
கால்கள் தாமாகவே கடல் பக்கம் திரும்பின.
அப்போதுதான் நிமிர்ந்தாள்.
கூரை மேல் சாயம்போன காற்றுப்பை
விறைத்து நின்று
பச்சைப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அங்கே வேண்டாம்!
புகைக்குக் குறுக்கே, தெற்கு வேலிக்கு!
வேலி வந்ததும் திரும்பு,
மணல் முகத்தில் அடிக்கிற பக்கமாகவே நட!"

நனைத்த துணி மூக்கில்,
பாலைவனத்தை நோக்கிக் கண்ணைச் சுருக்கியபடி
நடந்தார்கள்.
பம்ப் கொட்டகை தாண்டி எண்ணினாள்.
அறுபத்தொன்று.
இரண்டாம் தடவையும் அறுபத்தொன்று.
பதிவேட்டில் அறுபத்திரண்டு.

ஷானிகா.

ஹௌஃபிகு ஓடத் தொடங்கினான்.
அவன் மேலங்கி வாரைப் பிடித்து இழுத்தாள்.
"விடு, அவன் என் தங்கை புருஷன்!"
"நீயும் போனால்
நான் ரெண்டு பேரைத் தேடச் சொல்லணும்."
அவன் கேட்கவில்லை.
தலை வெட்டும் மேசையின் மூன்று பெண்கள்
அவனைக் கீழே தள்ளி
மேலே உட்கார்ந்துகொண்டார்கள்.
அவர்களில் ஒருத்தி அழுதாள், எழுந்திருக்கவில்லை.

பத்தொன்பது நிமிடம்.

வந்த தீயணைப்பு வீரர்களில்
காற்றுச் சிலிண்டரும் முழு உடுப்புமாய்
இரண்டு பேர் உள்ளே போனார்கள்.
அதே உடுப்பில் இரண்டு பேர்
வெளியே சும்மா நின்றார்கள்.
"ஏண்டா நிக்கிறீங்க?"
தரையிலிருந்து கத்தினான் ஹௌஃபிகு.
"போனவங்களுக்காக."
குழாய்கள் தண்ணீரை
மேகத்தின் மேல் திரையாக விரித்தன,
கீழே தேங்கிய குட்டையில் ஒரு சொட்டு விழாமல்.

ஷானிகா உள்ளே இல்லை.

பச்சைப் பலகையின் கீழ்
தொப்பியால் முகத்தை மூடி
குந்தியிருந்தான்.
கம்ப்ரசர் இரைச்சலுக்குக் காதடைப்பான் போட்டவன்,
அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவேயில்லை.
சொல்லிக்கொடுத்த இடத்தில்
சொல்லிக்கொடுத்தபடி
யாராவது தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று.

உடுப்பை வெட்டி எடுத்தார்கள்.
கண்ணில் தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர்.
பிழைத்தான்.

விசாரணையில் கேட்டார்கள்,
விதிப்படி ஏன் அங்கே போகவில்லை என்று.
"போனவன் இருக்கான், அவனைக் கேளுங்க"
என்று சொல்ல வாய் வந்தது.
"காற்றைப் பார்த்தேன்" என்றாள்.
வீட்டுக்குப் போன பிறகு
கத்திய வார்த்தைகளையே
இன்னும் உரக்க, சமையலறையில்,
ஒரு தடவை கத்திப் பார்த்தாள்.

இப்போது பலகைகள் இரண்டு,
காதடைப்பான் போடுகிறவர்களுக்குச் சுழல்விளக்கு.
பதிவேட்டில் பெயர்களுக்கு மேலே
அவளே கோடு போட்டுச் சேர்த்த ஒரு கட்டம்:
இன்று காற்று.
அதை நிரப்பிய பிறகுதான் பெயர்கள்.

ஷானிகாவின் குரல் திரும்பவில்லை,
தேய்ந்த கயிறு போல ஏதோ வருகிறது.
பெயர் வாசித்தால் கையை மட்டும் தூக்குவான்.
தூக்கிய கையைப் பார்த்து
அவள் குறியிடுவாள்.
பிறகு, எழுதியது எழுதியபடி இருக்க,
இன்னொரு தடவை
கூரையை நிமிர்ந்து பார்ப்பாள்.